ஜீப்பு வண்டியின் எண்ணெய்ப் பம்பு: கழற்றுதலும் சோதித்தலும் மீண்டும் பொருத்துதலும்

ஜீப்பு வண்டியில் களப்பணிக்குச் செல்வோர் முன்பலகையில் உள்ள மானிகளுள் பெரும்பாலும் பெட்ரோல் மானி ஒன்றையே நோக்குவர். அதற்கருகே எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிறு மானி ஒன்று உண்டு. பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும்; ஒரு டின் பெட்ரோல் வந்து சேர்ந்ததும் மீண்டும் ஓடும். எண்ணெய் அழுத்தம் அற்றுப்போன பின்னரோ வண்டி மேலும் சில நிமிடங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அச்சில நிமிடங்களில் பேரிங்குகள் தேய்ந்து உருகிப் பொறியே பாழாகிவிடக்கூடும். இவ்வழுத்தத்திற்கு மூலமாகிய எண்ணெய்ப் பம்பைப் பற்றியும், அதனைக் கழற்றிச் சோதித்து மீண்டும் பொருத்தும் முறையைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

எல்லா மோட்டார் வண்டிகளிலும் பம்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. 1957 முதல் 2014 வரை நம் நாட்டில் உற்பத்தியான அம்பாசடர் காரின் 1,489 கன சென்டிமீட்டர்ப் பெட்ரோல் பொறியில் பம்பு பொறியின் அடிவயிற்றினுள் மறைந்திருந்தது. எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினாலன்றி அதனைக் காண இயலாது. ஜீப்பின் பெட்ரோல் பொறியில் அவ்வாறன்று. பம்பு பொறியின் இடப்புறத்தில் வெளியே தொங்குகிறது. ஸ்பானர் ஒன்றும் சிறிது பொறுமையும் இருந்தால் மரத்தடியிலேயே கழற்றிவிடலாம். இந்த எளிமையே பலரை ஏமாற்றியும் இருக்கிறது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது ‘ஹரிக்கேன்’ என்னும் பெயர் பெற்ற நான்கு சிலிண்டர்ப் பொறியாகும். அதன் கொள்ளளவு 134 கன அங்குலம். அதாவது ஏறத்தாழ 2.2 லிட்டர். உட்கொள் வால்வுகள் மேலேயும், வெளியேற்று வால்வுகள் பக்கத்திலும் அமைந்த பொறி அது. வில்லீஸ் நிறுவனம் 1953-இல் சி.ஜே.-3பி என்னும் ஜீப்பில் இதனைப் பொருத்தியது. பின்னர் மகீந்திரா நிறுவனத்தார் அவ்வகை வண்டியை நம் நாட்டிலேயே நெடுங்காலம் செய்துவந்தனர். 1952 அக்டோபர் 2-ஆம் நாள் 55 திட்டங்களுடன் தொடங்கப்பெற்ற சமூக வளர்ச்சிப் பணியின் காலந்தொட்டு, வட்டார அலுவலகம் என்றதும் ஜீப்பே நம் நினைவிற்கு வருமளவிற்கு அவ்வண்டி பரவிற்று. டீசல் பொறிகள் வந்தபின் பெட்ரோல் ஜீப்புகள் அருகிவிட்டன. எனினும் பழைய பொறி ஒன்று கிடைக்கும் தொழிற்பயிற்சி ஆசிரியர் பேறு பெற்றவர் என்பேன். உறுப்புகளுக்கிடையேயுள்ள உறவை மாணவர் கண்ணெதிரே விளக்குவதற்கு இதனினும் நல்ல பொறி எளிதில் அமையாது.

பம்பு செய்வதும் செய்யாததும்

எண்ணெயின் அழுத்தமே தண்டைத் தூக்கி நிறுத்துகிறது என்று ஓட்டுநர் பலரும், சில பாடக் குறிப்புகளும் கூறக் கேட்கிறோம். இது சரியன்று. இங்கிலாந்தில் பொசம்ப் டவர் என்னும் பொறியியல் அறிஞர் புகைவண்டி அச்சின் பேரிங்குகளை ஆராய்ந்து 1883-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். எண்ணெய் விடுவதற்காக அவர் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை இட்டார். அச்சுச் சுழலத் தொடங்கியதும் அத்துளையில் எண்ணெய் உள்ளே செல்வதற்கு மாறாக மேலெழுந்து வழிந்தது. தக்கையால் அடைத்தார், பிறகு மரக்கட்டையால் அடைத்தார். அவையும் மெல்ல வெளியே தள்ளப்பட்டன. அவ்விடத்தில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தியபோது அது சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டிற்கு மேல் காட்டியது. பேரிங்கின் மீது ஏற்றப்பட்ட சுமையோ சராசரியாக 100 பவுண்டே. அந்த ஆய்வில் பம்பு எதுவுமே இல்லை என்பது கருதத்தக்கது. சுழலும் அச்சே எண்ணெயைத் தன்னுடன் இழுத்துச் சென்று, குறுகிய இடைவெளியில் நெருக்கி, அவ்வழுத்தத்தைத் தோற்றுவித்தது. இதன் கணிதத்தை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் வகுத்தார்.

ஆகவே, ஜீப்பின் மானி காட்டும் 35 பவுண்டு அழுத்தம் கிராங்குத் தண்டைச் சுமப்பதில்லை; பேரிங்குகளுக்கு எண்ணெய் தடையின்றி வந்து சேர்கிறது என்பதற்கு அது சான்று மட்டுமே. சுமப்பது தண்டு தானே உண்டாக்கிக்கொள்ளும் எண்ணெய்ப் படலம். அப்படலம் பக்கங்களில் ஓயாது கசிந்துகொண்டிருப்பதால், கசிந்ததை ஈடுசெய்யப் புது எண்ணெய் வேண்டும். அதனைக் கொணர்வதே பம்பின் வேலை. வந்த எண்ணெய் வெப்பத்தையும் சுமந்து செல்லும்.

மற்றொன்று: பம்பு அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, ஓட்டத்தையே உண்டாக்குகிறது. ஓட்டத்திற்கு எதிர்ப்பு ஏற்படும்போது அழுத்தம் பிறக்கிறது. வாய் திறந்த ரப்பர்க் குழாயிலிருந்து நீர் மெதுவாக விழுகிறது. விரலால் வாயை ஒடுக்கினால் பீச்சுகிறது. தேய்ந்துபோன பேரிங்கு விரல் எடுக்கப்பட்ட குழாயைப் போன்றது. பம்பு புத்தம் புதியதாயினும் மானியின் முள் எழாது. இதனை உணர்ந்தவர் மானி தாழ்ந்தவுடன் பம்பின்மேல் பழி சுமத்தமாட்டார்.

பம்பைக் குறைகூறுமுன்

பல ஆண்டுகளுக்கு முன் நருமதைப் பள்ளத்தாக்கில் மண் அளவாய்வு முகாம் ஒன்றில் நான் பணியாற்றினேன். மழைக்கு இன்னும் மூன்று வாரமே இருந்தது. அதற்குள் மண் மாதிரிகளைத் திரட்டியாக வேண்டும். ஒருநாள் எங்கள் ஜீப்பின் எண்ணெய் மானி திடீரெனச் சுழியத்திற்கு வீழ்ந்தது. ஓட்டுநர் உடனே பொறியை நிறுத்தினார். அது முற்றிலும் சரியான செயல். பொறியில் எவ்வித ஓசையும் இல்லை என்று அவர் இருமுறை சொன்னார். நாங்கள் அதற்குச் செவிசாய்க்கவில்லை. அருகிலிருந்த ஊரிலிருந்து வந்த மெக்கானிக், பம்பு போய்விட்டது என்று பார்த்த மாத்திரத்தில் கூறி, மூன்று போல்ட்டுகளைக் கழற்றி அதனை வெளியே இழுத்தார். கையால் சுழற்றிப் பார்த்தார், மண்ணெண்ணெயில் கழுவினார், திரும்பவும் மாட்டினார். அதன்பின் பொறி இயங்க மறுத்தது. கார்புரேட்டர் வழியே வெடித்தது. டிஸ்டிரிபியூட்டரை இப்படியும் அப்படியும் திருகி ஒருவாறு இயக்கியபோது, அழுத்தமானி எழவே இல்லை. மானிதான் கெட்டிருக்கும் என்று இம்முறை எண்ணினோம்! ஒரு நிமிடத்திற்கு மேல் ஓடவிட்டபின் அடியிலிருந்து தட்டும் ஓசை கேட்டது. பேரிங்கு போயிற்று. முகாம் பன்னிரண்டு நாள் முடங்கியது. அதற்குள் மழை வந்துவிட்டது. மூன்று ஊர்களின் மண் மாதிரிகள் அவ்வாண்டு எடுக்கப்படவேயில்லை.

பிறகு ஆராய்ந்தபோது தெரிந்ததாவது: முதலில் மானி வீழ்ந்ததற்குக் காரணம் மானிக்குச் செல்லும் மெல்லிய குழாய் நசுங்கி அடைபட்டிருந்ததே. பம்பில் குறை ஏதும் இருக்கவில்லை. வறண்ட பம்பை அப்படியே மாட்டியதுதான் பேரிங்கைத் தின்றது.

எனவே மானி தாழ்ந்தால் முதலில் பொறியை நிறுத்துக. அடுத்து அளவுக்கோலை இழுத்து எண்ணெய் மட்டத்தைப் பார்க்க. எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தால் பெட்ரோல் நாற்றம் வீசுகிறதா? பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்திருப்பின் பெட்ரோல் எண்ணெய்த் தொட்டிக்குள் கசிந்து எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். மட்டம் குறையாமல், சில வேளை ஏறியும் நிற்பதால் ஓட்டுநர் மகிழ்ந்துபோவதுண்டு! எண்ணெய் நன்றாக இருப்பின், நல்லதென்று அறிந்த வேறொரு மானியை மாட்டிப் பார்க்க வேண்டும். பொறி சூடேறிய நிலையில் மணிக்கு 35 மைல் வேகத்தில் 20 பவுண்டிற்குக் குறையாமலும், மெதுவாக நின்றவாறு இயங்கும்போது 6 பவுண்டிற்குக் குறையாமலும் இருந்தால் அச்சப்படத் தேவையில்லை. சாதாரண ஓட்டத்தில் 35 பவுண்டு அளவில் நிற்கும். விளக்கு மட்டுமே உள்ள வண்டிகளுக்கும் இவ்வாறு மானி மாட்டிச் சோதிப்பதே முறை.

அடுத்து ஐயத்திற்குரியது தொட்டியினுள் உள்ள வடிகட்டி. இப்பொறியில் அது தெப்பம் போல எண்ணெயின் மேல் மிதப்பது. அடியில் படியும் கசடை உறிஞ்சாமல் மேற்பரப்பிற்கு அருகிலுள்ள தூய எண்ணெயை எடுப்பதற்காக அவ்வாறு அமைத்தனர். நெடுநாள் எண்ணெய் மாற்றப்படாத வண்டிகளில் அதன் வலைக்கண்கள் குழம்பு போன்ற கசடால் அடைபடும். அதன் இணைப்பில் கேஸ்கட்டு பழுதாயின் பம்பு எண்ணெயுடன் காற்றையும் உறிஞ்சும். அப்போது மானியின் முள் நடுங்கும். இவையெல்லாம் சரியென்று கண்ட பின்னரே பம்பில் கை வைக்க வேண்டும்.

கழற்றும் முறை

இப்பொழுது, எளிமை ஏமாற்றும் என்றோமே, அதற்கு வருவோம். பம்பின் தண்டில் சாய்வான பற்களையுடைய சக்கரம் ஒன்று உண்டு. கேம் தண்டின் பற்கள் அதனைச் சுழற்றுகின்றன. பம்புத் தண்டின் உள்முனையில் ஒரு காடி வெட்டப்பட்டுள்ளது. பொறியின் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் டிஸ்டிரிபியூட்டர்த் தண்டின் நாக்கு அக்காடியில் நுழைகிறது. அதாவது, எண்ணெயை இறைக்கும் தண்டே ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் எப்போது செல்ல வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. நாக்கும் காடியும் மையத்திலிருந்து சற்று விலகி வெட்டப்பட்டிருப்பதால் அவை ஒரே ஒரு நிலையில்தான் சேரும். ஆனால் பம்பின் பற்சக்கரம் கேம் தண்டுடன் எந்தப் பல்லிலும் சேரும். அதைத் தடுப்பார் இல்லை. ஒரு பல் பிறழ்ந்தாலும் தீப்பொறியின் காலம் பிறழும். எங்கள் ஜீப்பு கார்புரேட்டர் வழியே வெடித்ததன் காரணம் இதுவே.

ஆகையால் கழற்றும் வேலை பம்பினிடம் தொடங்குவதன்று, டிஸ்டிரிபியூட்டரினிடம் தொடங்குவது. பாட்டரியின் இணைப்பை எடுத்துவிடுக. முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அத்துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, ஒருவர் முன்புறக் கைப்பிடியால் பொறியை மெதுவாகச் சுற்றட்டும். காற்று விரலைத் தள்ளும்போது அந்தச் சிலிண்டர் அமுக்க வீச்சில் உள்ளது என்று பொருள். தொடர்ந்து சுற்றித் தீப்பற்றும் குறி வரை கொண்டுவந்து நிறுத்துக. இனி டிஸ்டிரிபியூட்டரின் மூடியை எடுத்து, உள்ளே உள்ள ரோட்டார் நோக்கும் திசையைக் கிண்ணத்தின் விளிம்பில் கூரிய முனையால் கீறிக் குறிக்க வேண்டும். சாக்குக்கட்டியால் குறித்தால் எண்ணெய்க் கையால் அழிந்துவிடும். குறியிட்ட பிறகு வேலை முடியும்வரை கைப்பிடியை எவரும் தொடலாகாது. எங்கள் பயிற்சிப் பட்டறையில் கைப்பிடியையே எடுத்து அலமாரியில் பூட்டிவிடுவது வழக்கம். மாணவர் சிரிப்பர், ஆயினும் நாங்கள் அதனை விடவில்லை.

பம்பைச் சுற்றிலும் படிந்துள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தூரிகையால் நன்கு துடைத்தபின், அடியில் தட்டு ஒன்றை வைத்து மூன்று போல்ட்டுகளையும் கழற்றுக. இரண்டு பம்பின் உடலினூடும், ஒன்று மூடியினூடும் செல்கின்றன. ஓர் அட்டையில் பம்பின் உருவை வரைந்து, போல்ட்டுகளை அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் பின்னர்க் குழப்பம் நேராது. பம்பை நேராக இழுக்கும்போது பற்கள் சாய்வானவையாதலால் தண்டு சிறிது திரும்பிக்கொண்டே வெளிவரும். எவ்வளவு திரும்புகிறது என்று உற்று நோக்கிக்கொள்ளுங்கள். பொருத்தும்போது அதே அளவு எதிர்த்திசையில் திரும்பும். துளையைத் தூய துணியால் மூடிவைக்க வேண்டும். பஞ்சு வேண்டா; அதன் நூலிழைகள் எண்ணெய் வழிகளுக்குள் செல்லும்.

பிரித்துச் சோதித்தல்

பம்பின் மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு உருளிகள் தெரியும். உள்ளுருளி தண்டுடன் இணைந்தது. பூவிதழ்கள் போன்ற புடைப்புகளை உடையது. அதனைச் சூழ்ந்திருப்பது வெளியுருளி. அதன் குழிகள் உள்ளுருளியின் புடைப்புகளைவிட எண்ணிக்கையில் ஒன்று கூடுதல். இரண்டின் மையங்களும் ஒன்றாயில்லாமல் சற்று விலகியுள்ளன. ஒருபுறம் இடைவெளி விரியும்போது எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. மறுபுறம் அது சுருங்கும்போது வெளியே தள்ளப்படுகிறது. மாணவர்களுக்கு இதனைச் சொல்வதைவிட, மூடியில்லாத பம்பில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தண்டைக் கையால் சுழற்றிக் காட்டினால் போதும்.

தண்டின் பற்சக்கரத்தை ஒரு நேரான பின் பிடித்துள்ளது. தண்டை வெளியே எடுக்க வேண்டுமாயின் அப்பின்னின் ஒரு முனையை அரத்தால் தேய்த்து, பிறகே மறுபுறமாகத் தட்ட வேண்டும். தேய்க்காமல் சுத்தியால் அடித்தால் தண்டு வளையும். தேய்மானம் காணப்பெறாதவிடத்துப் பற்சக்கரத்தை எடுக்காமலே விட்டுவிடுவது அறிவுடைமை.

எல்லாப் பகுதிகளையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின் கண்ணால் நோக்குக. மூடியின் உட்பரப்பில் வட்டவட்டமான கீறல்கள் உள்ளனவா? உள்ளன எனின், மணலோ உலோகத் துகளோ எண்ணெயுடன் சென்றிருக்கிறது. செம்பு நிறத் துகள் காணப்பட்டால் பேரிங்குகளையும் திறந்து பார்த்தாக வேண்டும். பம்போடு வேலை முடியாது.

அடுத்து, அளத்தல். இதற்கு நேர்விளிம்புச் சட்டம் ஒன்றும் பீலர் கேஜு தொகுதி ஒன்றும் வேண்டும். நேர்விளிம்பை மூடியின் உட்பரப்பில் வைத்தால், ஆயிரத்தில் ஓர் அங்குலப் (0.025 மி.மீ.) பீலர் அதனடியில் நுழையலாகாது, நுழைந்தால் மூடி குழிந்துள்ளது. உருளிகளைப் பம்பின் உடலுள் வைத்து, மூடியின் கேஸ்கட்டை நீக்கிவிட்டு, உடலின் வாயில் நேர்விளிம்பைக் குறுக்கே வைக்க. அதற்கும் உருளிகளின் முகத்திற்கும் இடையே ஆயிரத்தில் 4 அங்குலப் (0.10 மி.மீ.) பீலர் நுழையுமாயின் உடலை மாற்ற வேண்டும். வெளியுருளிக்கும் உடலுக்கும் இடையே ஆயிரத்தில் 12 (0.30 மி.மீ.) நுழைந்தாலும் அவ்வாறே. இரு உருளிகளின் புடைப்புகள் நேர்முனையாகச் சந்திக்கும் இடத்தில் ஆயிரத்தில் 10 (0.25 மி.மீ.) நுழைந்தால் உருளிகளைச் சோடியாகவே மாற்றுதல் வேண்டும், ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் இணைப்பது வீண்.

தலைமுடியின் பருமன் அளவுள்ள இந்த இடைவெளிகளுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? இரு தட்டையான பரப்புகளுக்கிடையே கசியும் எண்ணெயின் அளவு, இடைவெளியின் மும்மடிக்கேற்ப வளர்கிறது. இடைவெளி இருமடங்கானால் கசிவு எட்டு மடங்கு. மும்மடங்கானால் இருபத்தேழு மடங்கு. பள்ளி ஆய்வகத்தில் இதனைக் காட்டலாம். இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே இரு ஓரங்களிலும் ஒரு தாளை வைத்துப் பிடித்து, செங்குத்தாக நிறுத்தி, மேலிருந்து ஆமணக்கெண்ணெயை இடைவிடாது ஊற்றி, கீழே வடிந்ததை ஐந்து நிமிடம் சேர்த்து அளக்கவும். பிறகு இரண்டு தாள்களை வைத்து மீண்டும் செய்க. கணக்கிட்டாற்போல எட்டு மடங்கு அமையாவிடினும், இருமடங்கு அன்று என்பது எவர்க்கும் விளங்கும்.

இதனோடு தொடர்புடைய பிழை ஒன்று பட்டறைகளில் மிகுதி. மூடியின் கேஸ்கட்டு கிழிந்தால், கையில் கிடைத்த தடித்த அட்டையை வெட்டி வைத்துவிடுகின்றனர். அந்தக் கேஸ்கட்டின் தடிப்பு உருளிகளின் முகத்திற்கும் மூடிக்கும் இடையேயுள்ள வெளியை விரிக்கிறது. எண்ணெய் வெளியே ஒழுகாது. ஆனால் உள்ளேயே ஒழுகி மீளும். புதுப் பம்பும் பழம் பம்பாய்விடும்.

அழுத்தத் தணிப்பு வால்வும் பம்பிலேயே உள்ளது. அதன் தாங்கியைத் திருகி எடுத்தால் சுருள்வில்லும், வில்லின் பின்னே மெல்லிய வளையங்களும், சிறு பிஸ்டனும் வெளிவரும். பிஸ்டன் தன் துளையில் தடையின்றி வழுக்க வேண்டும். சிறு துகள் ஒன்று இடையில் சிக்கி வால்வு திறந்தே நின்றால் எண்ணெய் முழுதும் சுற்றுவழியில் திரும்பிவிடும், மானி வீழும். வளையத்தைக் கூட்டினால் அழுத்தம் உயரும் என்பது உண்மை. இதனை அறிந்தோர், மானி தாழும்போதெல்லாம் ஒரு வளையத்தைச் சேர்த்துவிடுகின்றனர். சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கையில் நல்ல வால்வு மூடித்தான் இருக்கும். மூடிய கதவிற்கு இன்னொரு தாழ் போடுவதால் என்ன பயன்? வில் தளர்ந்திருந்தாலன்றி வளையம் சேர்த்தல் மருந்தாகாது. தேய்ந்த பேரிங்கின் நோயை வளையத்தால் மறைக்க முயல்வது தீங்கேயாகும்.

மீண்டும் பொருத்துதல்

உருளிகளுக்கும் தண்டிற்கும் எண்ணெய் பூசி மூடியை மாட்டுக. பின்பு பம்பின் வாயில் எண்ணெய் ஊற்றித் தண்டைக் கையால் சுழற்றிச் சுழற்றி நிரப்புக. உலர்ந்த உருளிகள் காற்றை மட்டுமே இறைக்கும். காற்றை இறைக்கும் பம்பு எண்ணெயைத் தொட்டியிலிருந்து மேலே இழுக்கப் போதிய வெற்றிடத்தை உண்டாக்காது. இடைவெளிகளை எண்ணெய் நிரப்பினால்தான் பம்பு பிடிக்கும். கிணற்றுக் கைப்பம்பில் முதலில் ஒரு செம்பு நீர் ஊற்றுவது போன்றதே இது. நருமதைக் கரையில் நாங்கள் மறந்தது இந்த ஒரு செம்புதான்.

டிஸ்டிரிபியூட்டர் கழற்றப்படாமல் இருப்பின் வேலை எளிது. ரோட்டார் நம் குறியை நோக்கி நிற்கிறதா என்று பார்த்து, புதுக் கேஸ்கட்டுடன் பம்பைத் துளையில் நுழைத்து, கழற்றும்போது கண்ட திருப்பத்தை நினைவிற்கொண்டு காடியைச் சிறிது முன்னதாகவே நிறுத்தித் தள்ளுக. பற்கள் சேரும், தண்டு திரும்பும், காடியில் நாக்கு நுழையும். பம்பின் விளிம்பு பொறியின் முகத்தில் கையழுத்தத்திலேயே படிய வேண்டும். சிறிது வெளி நின்றால் நாக்கு காடியில் நுழையவில்லை என்று பொருள். போல்ட்டை முறுக்கி இழுத்துப் படியவைக்க முயன்றால் நாக்கு உடையும், அல்லது பம்பின் உடல் பிளக்கும்.

டிஸ்டிரிபியூட்டரும் கழற்றப்பட்டிருப்பின், கிராங்குத் தண்டு, கேம் தண்டு ஆகியவற்றின் பற்சக்கரக் குறிகள் ஒன்றையொன்று நோக்குமாறு பொறியை நிறுத்திக்கொள்ள வேண்டும். காடி தண்டின் முகத்தைச் சமமற்ற இரு பகுதிகளாகப் பிரிக்கிறது. அகன்ற பகுதி மேலே இருக்கட்டும். டிஸ்டிரிபியூட்டர்த் துளை வழியே நீண்ட திருப்புளியை விட்டுக் காடியைத் திருப்பி, கடிகார முகப்பில் ஒன்பதரை மணி காட்டும் சாய்வில் நிறுத்துக. பின் திருப்புளியை வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே பம்பை உள்ளே தள்ளுக. முற்றிலும் படிந்ததும் திருப்புளியை எடுத்து நோக்கினால், காடி ஏறத்தாழப் பதினொரு மணிச் சாய்வில், அகன்ற பகுதி மேலிருக்க நிற்க வேண்டும். நிற்கவில்லையாயின் மீண்டும் இழுத்து மீண்டும் தொடங்குக. இதில் இருவர் வேலை செய்வது நலம். ஒருவர் பம்பைத் தள்ள, மற்றவர் கைவிளக்குடன் துளையைப் பார்ப்பார்.

போல்ட்டுகளின் மரையில் எண்ணெய் கசியாதிருக்கக் கேஸ்கட்டுப் பசையை மெல்லப் பூசி, ஸ்பிரிங் வாஷருடன் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். பசையைக் கேஸ்கட்டின்மேல் அப்பிவிடலாகாது. பிதுங்கிய பசை எண்ணெய் வழியில் உடைந்து விழும்.

பொறியை உடனே இயக்க வேண்டா. எண்ணெய்த் தொட்டியில் ஏறத்தாழ 3.8 லிட்டரும், பில்டரையும் மாற்றியிருந்தால் 4.7 லிட்டரும் எண்ணெய் இருத்தல் வேண்டும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பற்றவைப்புச் சுருளின் கம்பியையும் நீக்கி, பாட்டரியை இணைத்து, ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுழற்றுக. அமுக்கம் இல்லாமையால் பேரிங்குகளின்மேல் சுமையும் இல்லை. மானியின் முள் அசைந்து எழுவதைக் கண்ணால் கண்ட பின்னரே பிளக்குகளை மாட்ட வேண்டும். முள் எழவில்லையேல், எத்தனை பேர் காத்திருந்தாலும், பம்பைத் திரும்பவும் இழுத்து எண்ணெய் நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இயங்கத் தொடங்கியபின் பற்றவைப்பின் காலத்தைச் சரிபார்த்து, பம்பின் விளிம்பைத் துணியால் துடைத்துக் கசிவு உள்ளதா என்று நோக்குக. சூடேறியபின் மெது ஓட்டத்திலும் விரைவோட்டத்திலும் மானி காட்டும் எண்களை வண்டியின் நாட்பதிவேட்டில் தேதியுடன் எழுதிவைக்க வேண்டும். ஐம்பது மைல் ஓடியபின் போல்ட்டுகளை மறுமுறை முறுக்கி, அதே எண்களை அடுத்த வரியிலும் எழுதுக. அடுத்த ஆண்டு மானி தாழும்போது, வண்டியைப் பெற்றிருப்பவர் முதலில் புரட்டிப் பார்க்கப் போவது அந்தப் பக்கத்தையே.